சிங்கப்பூரிலிருந்து ஆப்பிள் தோட்டத்துக்கு ஒரு வார இறுதி: எங்கே போகலாம், எப்போது போகலாம்?

கேள்வி இதுதான்: செப்டம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு வார இறுதிக்கு ஆப்பிள் தோட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் மரத்திலிருந்து தாங்களே பறித்துத் தின்ன வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. ஊரிலிருந்து மாமியாரும் வந்திருப்பார். சிங்கப்பூரிலோ பக்கத்திலோ அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

சிங்கப்பூரில் இல்லை. ஜொகூரிலும் இல்லை. கேமரன் மலைக்குப் போனால் ஸ்ட்ராபெரி பறிக்கலாம், ஆப்பிள் கிடைக்காது. செப்டம்பரில், ஒரு நீண்ட வார இறுதிக்குள் போய் வர வேண்டுமென்றால் என் பதில் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் மலாங் அருகே இருக்கும் பத்து (Batu) என்ற நகரம். கோலாலம்பூர்ப் பத்துமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'இலையுதிர் காலம்' என்பதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் பயணத்தை அடுத்த மார்ச் விடுமுறைக்குத் தள்ளிவைத்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போங்கள். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் பழ வியாபாரத்தில் இருப்பவன் என்பதால், எந்த மாதத்தில் எங்கே என்ன ஆப்பிள் மரத்தில் இருக்கும் என்பது எனக்கு அன்றாடக் கணக்கு. அந்தக் கணக்கை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளிர் எதற்கு என்று தெரிந்தால்தான் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். இந்த ஆண்டு பழம் காய்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆண்டுக்கான பூ மொட்டு கிளையில் உருவாகிவிடுகிறது. குளிர்காலத்தில் அந்த மொட்டு உறங்கப் போகிறது. உறக்கம் கலைய வேண்டுமானால் சுமார் 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் அது குறிப்பிட்ட நேரம் இருந்தாக வேண்டும். கடைகளில் நாம் பார்க்கும் பெரும்பாலான ரகங்களுக்கு இது பல நூறு மணி நேரம் தேவைப்படும். குளிர் போதாவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விரியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை விடும், பூக்காது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாய லேபாரில் பதிவான 19 டிகிரிதான். கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள ஃபிளவர் டோம் என்ற குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்தைக்கூட 23 முதல் 25 டிகிரியில்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது குளிர். ஆப்பிள் மொட்டுக்கு அது கோடை.

பேரங்காடியில் வாங்கிய ஆப்பிளின் விதையை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் ஊன்றும் பிள்ளைகள் உண்டு. அதைத் தடுக்காதீர்கள். ஈரமான காகிதத்தில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்துவிட்டு நட்டால் முளைக்கும், செடியாகும். காய்க்கும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எங்கேனும் குளிர் நாட்டில் வைத்து அது காய்த்தாலும், அதே பழம் வராது. ஆப்பிளின் விதை ஒவ்வொன்றும் ஒரு புதுக் கலப்பு. ஒரு ரகத்தை அப்படியே பெருக்க ஒட்டுக் கட்டுவதுதான் வழி. தோட்டத்துக்குப் போகும்போது அடிமரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புடைத்த முடிச்சு ஒன்று தெரியும். அதற்குக் கீழே ஒரு மரம், மேலே வேறொரு மரம். இன்றைய தோட்டங்களில் மரம் குட்டையாக, பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் இருப்பதற்கும் அந்தக் கீழ்ப்பாதியே காரணம்.

இத்தனை குளிர் வேண்டும் என்றால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏழெட்டு டிகிரியில் இருக்கும் ஜாவாவில் ஆப்பிள் எப்படி விளைகிறது? இதற்காகவே பத்துவுக்குப் போகலாம் என்பேன். அர்ஜுனோ மலையின் சரிவுகளில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் தோட்டங்கள் அவை. டச்சுக்காரர் காலத்தில் வந்த பயிர். அங்கும் மரத்துக்குத் தேவையான குளிர் இல்லை. அதனால் விவசாயிகள் மரத்தை உறங்கவே விடுவதில்லை. அறுவடை முடிந்து சில வாரங்களில், மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன், மரத்திலுள்ள இலைகள் அத்தனையையும் கையால் உருவிவிடுகிறார்கள். கிளையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் இலையை நுனிப்பக்கமாக உருவுவார்கள். மொட்டு உடையாமல் இலை மட்டும் வர வேண்டும். ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும்போது, பின்னால் மொட்டையான கிளைகளும் காலடியில் பச்சை இலைக் குவியலும் கிடக்கும். இயற்கை செய்ய வேண்டிய இலையுதிர்ப்பை அங்கே மனிதர்கள் செய்கிறார்கள். மூன்று நான்கு வாரங்களில் அதே கிளைகளில் பூ வந்துவிடும். அதன்பின் நான்கைந்து மாதத்தில் பழம். ஆக, ஓராண்டில் இரண்டு அறுவடை.

ஒவ்வொரு தோட்டமும் வெவ்வேறு வாரத்தில் இலை உருவுவதால், ஒரு மலைச்சரிவில் மொட்டை மரமும் பூத்த மரமும் பழுத்த மரமும் ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கும். ஜப்பானிலோ ஆஸ்திரேலியாவிலோ இந்தக் காட்சிக்கு இடமில்லை. ஆண்டின் எந்த மாதத்தில் போனாலும் எங்கேனும் பழம் இருக்கும் என்பதும் இதனால்தான். அதிலும் செப்டம்பர் கிழக்கு ஜாவாவில் வறண்ட பருவம். மண் சகதியாக இருக்காது, இரவில் மெல்லிய கம்பளிச் சட்டை தேவைப்படும். மூன்று ரகங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனலாகி வெளிர் பச்சையாக இருக்கும். புளிப்பே இல்லை, நல்ல வாசம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ரோம் பியூட்டி புளிப்பும் இனிப்பும் கலந்தது. இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அன்னா ரகம் சிவந்து நீளவாக்கில் இருக்கும். குறைந்த குளிரே போதும் என்பதற்காக வெப்ப நாடுகளுக்கு வந்த பழம் அது. கடை ஃபூஜியின் மொறுமொறுப்பை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள். பழமும் சிறியது. ஆனால் பறித்த இடத்திலேயே கடிக்கும் பழத்தின் மணம் கப்பலில் வந்த பழத்துக்குக் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்துவில் ஆப்பிள் தோட்டங்கள் குறைந்துவருகின்றன. மரங்கள் முதிர்ந்துவிட்டன, மலையில் வெப்பம் கூடியிருக்கிறது, பலர் ஆரஞ்சுக்கு மாறிவிட்டார்கள். உங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது இந்தத் தோட்டங்கள் இதே அளவில் இருக்குமா என்பது எனக்குக் கவலைதான். தள்ளிப்போடாமல் போங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய பூங்கா போன்ற தோட்டங்களைவிட, பூமியாஜி பகுதியில் விவசாயிகளே நடத்தும் சிறு தோட்டங்களில் கட்டணம் கொடுத்துப் பறிக்கலாம். பணம் நேராக அவர்கள் கையில் போய்ச் சேரும். இலை உருவுவதைப் பார்க்கவும் அங்கேதான் வாய்ப்பு அதிகம். மாமியாருக்குச் சரிவில் ஏறி இறங்குவது கடினம் என்றால் மட்டும், பாதை போட்டு வாகன வசதியும் வைத்திருக்கும் குசுமா அக்ரோவிசாத்தா போன்ற பெரிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

போகும் வழி எளிது. சிங்கப்பூரிலிருந்து சுராபாயாவுக்கு நேரடி விமானம், இரண்டரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து காரில் மலாங் நெடுஞ்சாலை வழியாகப் பத்துவுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மாலையோ சனிக்கிழமை காலையோ மலையேறினால் உள்ளூர்ச் சுற்றுலாப் பயணிகளின் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். விடுமுறை வாரம்தானே, வியாழக்கிழமை போய்ச் சனிக்கிழமை இறங்கிவிடுங்கள். வார இறுதிதான் வேண்டுமென்றால் சனிக்கிழமை விடியும் முன்பே மலை ஏறிவிட வேண்டும்.

மாமியார் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. அவர் இந்தியக் கடவுச்சீட்டில் வந்திருந்தால் இந்தோனேசியாவுக்கு விசா வேண்டும். இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடலாம். பலர் மறந்துவிடுவது மற்றொன்று: அவருடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் சுராபாயாவிலிருந்து திரும்பி வரும்போது சிக்கல். டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். அவர் சைவம் என்றால் உணவில் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாவு (டோஃபு), காடோ காடோ (கடலைச் சாறு ஊற்றிய காய்கறி) எல்லாம் எளிதாகக் கிடைக்கும். சம்பலில் மட்டும் தெராசி எனும் இறால் விழுது இருக்கும். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, உண்மையான இலையுதிர் காலம். இலையுதிர் காலம் என்றதும் எல்லோரும் செப்டம்பர், அக்டோபர் என்றே நினைக்கிறார்கள். நம் பள்ளி நாள்காட்டிக்கு அது ஒத்துவராது. செப்டம்பர் விடுமுறை ஒரே வாரம். வடக்கே முக்கிய அறுவடை தொடங்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்குவதற்குள் அறுவடை ஓய்ந்துவிடும். தெற்கே திரும்பிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் மார்ச், ஏப்ரல், மே இலையுதிர் காலம். நம் மார்ச் விடுமுறை, புனித வெள்ளி, மே தினம், விசாக தினம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பெர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, சிங்கப்பூர் நேரமேதான்.

மார்ச் நடுவில் போனால் காலா ரக ஆப்பிள் அறுவடையின் கடைசிப் பகுதி கிடைக்கும். ஏப்ரலில் கிரானி ஸ்மித்தும் ஃபூஜியும். மே தினத்தையொட்டிப் போனால் பிங்க் லேடி. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மே தினத்தைத்தான் சொல்வேன். பிங்க் லேடி என்ற பெயரில் விற்கப்படும் கிரிப்ஸ் பிங்க் ரகம் அந்த மண்ணிலேயே பிறந்தது. ஜான் கிரிப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1973இல் கோல்டன் டெலிஷியஸையும் லேடி வில்லியம்ஸையும் கலந்து உருவாக்கினார். லேடி வில்லியம்ஸ் பெர்த்துக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கும் டோனிபுரூக் பக்கத்துப் பண்ணை ஒன்றில் தானாக முளைத்த மரம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போதுதான் அதன் தோலில் அந்த இளஞ்சிவப்பு ஏறும். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் நிறம் ஏறுவதைத் தோட்டத்தில் நின்று பார்க்கலாம். டோனிபுரூக்கில் ஆப்பிள் பெயரில் பெரிய இலவச விளையாட்டுப் பூங்கா ஒன்றும் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அதுவே பாதி நாள் போகும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பெர்த் நகரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் பிக்கரிங் புரூக், கரகல்லன் பக்கத்து மலைத் தோட்டங்கள். எல்லாத் தோட்டமும் பறிக்க விடாது. அனுமதிக்கும் தோட்டங்களும் சில நாள்களில் மட்டுமே திறந்திருக்கும். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் பழத்தைக் கொண்டுபோகக் கூடாது. விமானத்தில் தின்னலாம் என்று பையில் போட்ட ஒரு வாழைப்பழம், மாமியார் எடுத்து வைத்த கறிவேப்பிலைக் கொத்து, இரண்டுக்கும் அபராதம் விழலாம். ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சி உலகத்தின் ஏறக்குறைய எல்லா ஆப்பிள் பகுதிகளிலும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் அதை அண்டவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதனால் சிட்னியிலிருந்து பெர்த்துக்கு வரும் பயணியின் பழத்தைக்கூடப் பறித்துக் குப்பையில் போடுவார்கள். அவர்கள் செய்வது முற்றிலும் நியாயம்.

ஜப்பானைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு வார இறுதிக்கு அது கட்டுப்படியாகாது. செப்டம்பர் வாரம் முழுவதும் கையில் இருந்தால் அவோமோரி மாநிலத்தின் ஹிரோசாகி நகர ஆப்பிள் பூங்காவுக்குப் போகலாம். அப்போது சுகாரு ரகம் பழுத்திருக்கும். ஜப்பானின் ஆப்பிளில் பாதிக்கு மேல் அவோமோரியில்தான் விளைகிறது. நம் சந்தையை ஆளும் ஃபூஜி ரகமும் அங்குள்ள ஃபூஜிசாகி ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1962இல் பெயர் பெற்றது. அது பழுப்பது அக்டோபர் கடைசியில். மரத்திலேயே முதிர்ந்த ஃபூஜியை வெட்டினால் நடுவைச் சுற்றித் தேன் ஊறியதுபோல் கண்ணாடித் தன்மையான பகுதி தெரியும். சிங்கப்பூரில் அதை அழுகல் என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் உண்டு. ஜப்பானில் அதைத் தேடி வாங்குகிறார்கள். இனிப்பான பழத்தின் அடையாளம் அது. நீண்ட நாள் வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான். நகானோ மாநிலத்தின் ஈடா நகரிலோ நகரச் சாலையின் நடுவிலேயே ஆப்பிள் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. 1947 தீ விபத்தில் ஊரின் பெரும்பகுதி எரிந்த பிறகு பள்ளி மாணவர்கள் நட்டுப் பராமரித்த மரவரிசை அது. பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

எங்கே போனாலும் பறிக்கும் முறை ஒன்றுதான். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பழத்தை இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, பழத்தின் அடி வானத்தைப் பார்க்கும்படி மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருக வேண்டும். பழுத்திருந்தால் காம்போடு கழன்று கைக்கு வரும். வரவில்லையென்றால் அது இன்னும் பழுக்கவில்லை, விட்டுவிடுங்கள். இழுத்துப் பறித்தால், காம்பு ஒட்டியிருக்கும் சுருக்கம் விழுந்த குட்டைக் கிளையும் ஒடிந்து வரும். அந்தக் குட்டைக் கிளையில்தான் அடுத்த ஆண்டின் பூ மொட்டு இருக்கிறது. ஒரு பழத்துக்காக வரப்போகும் பழங்களையும் சேர்த்து ஒடித்ததாகிவிடும். விரல் நுனியால் அழுத்துவதும் வேண்டாம். அழுத்திய இடம் மறுநாள் பழுப்பாகக் கன்றிவிடும்.

சிவப்பைப் பார்த்துப் பறிக்காதீர்கள். சிவப்பு வெயில் கொடுப்பது. பழத்தின் நிழற்பக்கத்தில், சிவப்பு ஏறாத இடத்தின் அடிநிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்தால் விதை பழுப்பாகியிருக்க வேண்டும். மரத்தின் வெளிப்புறப் பழங்கள் முதலில் பழுக்கும், உட்புறத்தவை பிறகு. கடைக்கு வரும் பழத்தை மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகும் முன்பே பறித்து, உறைநிலைக்கு அருகில், ஆக்சிஜனை ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குக் குறைத்த அறையில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். ஆகஸ்டில் நாம் வாங்கும் சீன ஃபூஜி முந்தைய அக்டோபரில் பறித்தது. கெட்டது அல்ல, ஆனால் மரத்தில் பழுத்த சுவை வேறு என்பதைப் பிள்ளைகள் முதல் கடியிலேயே கண்டுகொள்வார்கள்.

பயணம் கூடிவராவிட்டால், ஆப்பிள் இல்லாமலேயே பழ மரத்தைக் காட்ட வழி இருக்கிறது. தாவரவியல் பூங்காவின் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்தில் நம் வட்டாரப் பழ மரங்கள் உள்ள பகுதி ஒன்று உண்டு. பறிக்க முடியாது, பார்க்கலாம். ஜொகூரில் தெசாரு பழத்தோட்டத்துக்கு ஒரே நாளில் போய் வரலாம்.

திரும்பி வரும்போது சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு பழம் கொண்டுவரலாம். இலை, கிளை, மண் வேண்டாம். அந்தந்த நேரத்து விதியைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவாமல், துளையிட்ட பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். கழுவுவது தின்னும்போது போதும். நம் வெப்பத்தில் மேசைமேல் வைத்த ஆப்பிள் சில நாள்களில் மாவாகிவிடும். கேரட்டையும் கீரையையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசக்கும், கீரை மஞ்சளாகும். அன்னாவோ கிரானி ஸ்மித்தோ புளிப்பு மிகுந்து பிள்ளைகள் தின்னாமல் விட்டால் மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். தோலோடு பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் மஞ்சளும் பிசறி, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால், கல்யாணப் பந்தியில் போடும் மாங்காய் ஊறுகாய்க்குக் குறையாது. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.